இரண்டு காஸ்கெற்றுக்குப் பின்னால் மறைந்திருந்தது: யாழ்ப்பாணத்து வீட்டு வளவில் மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றைப் புதுப்பித்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய வாகனம் 948 கனசென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டப்பட்ட மொறிஸ் மைனர் பிக்கப் ஆகும். மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் வான், பிக்கப் வடிவங்கள் 1953இல் தொடங்கின. காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பிக்கப்புக்கு உண்டு. ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ ஐந்து அந்தர், அதாவது 250 கிலோவுக்குச் சற்று மேல். இலங்கையின் வீதிகளில் இவ்வாகனம் நெடுங்காலம் ஓடியமையால், பழைய பாகங்களும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் இன்றும் கிடைக்கின்றனர்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வலிகாமத்தின் செம்மண் பகுதியில் வசிக்கிறார். அவருடைய தகப்பனார் இந்தப் பிக்கப்பை வேறொருவரிடமிருந்து வாங்கிச் சின்ன வெங்காயமும் வாழைக்குலையும் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றிச்செல்லப் பயன்படுத்தினார். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கி, குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றபோது, அங்கிருந்த மற்ற வாகனங்களைப்போல் இதுவும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவதே அன்றைய வழக்கம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, குடும்பத்தின் முதியவர்களையும் நெல்மூடைகளையும் தென்மராட்சிக்குக் கொண்டு சேர்த்ததும் இதே வாகனந்தான். 2002இல் குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்டு யப்பானிய வாகனங்கள் தாராளமாக வரத் தொடங்கியபின், பிக்கப் மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில் நிறுத்தப்பட்டு, அதன்பின் எழுப்பப்படவே இல்லை.

உரிமையாளர் தம் நினைவிலிருந்து சொன்ன ஒரு செய்தியை இங்கேயே பதிய வேண்டியிருக்கிறது. “மண்ணெண்ணெயிலை ஓடின காலத்திலை இதுக்கு ஒயில் குறைஞ்சதே இல்லை. அளவுகோலை இழுத்துப் பார்த்தால் கூடித்தான் நிற்கும்” என்று அவர் பெருமையாகவே கூறினார். அன்று அதைக் கேட்டவர்கள் எவரும் அதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திரப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற அயலவனாகிய நானும் அவர்களில் ஒருவன்.

வேலை 2023 தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் தொடங்கியது. லண்டனில் வாழும் உரிமையாளரின் தம்பி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தார். அவர் வரும்போது வாகனம் ஓட வேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். வேலையில் நால்வர் ஈடுபட்டோம்: உரிமையாளர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகன், எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், நான்.

பிரிக்குமுன் கண்டவை

முதல் நாள் வெறும் பார்வையிலேயே சென்றது. சட்டகத்தின் முன்பகுதி நல்ல நிலையில் இருந்தது; பின்பகுதியில், இலைவில் தொங்கும் தாங்கிகளில் இடப்பக்கத்தது முன்னொருகால் தகடு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கதவுகளின் அடிவிளிம்பு உப்புக்காற்றால் அரித்துப் போயிருந்தது. பிரேக் உருளைகள் நான்கு சக்கரங்களிலும் இறுகிப்போயிருந்தன. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களில், கிறீஸ் அடிக்கும் வாய்களான நிப்பிள்களைச் சுற்றிக் கறுத்த பழைய கிறீஸ் தடிப்பாகப் படிந்திருந்ததால், பராமரிப்பு ஒழுங்காக நடந்த வாகனம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதன்மேல் புதுக் கிறீஸை அடித்தபோது நிப்பிளின் ஓரத்தால் கொஞ்சம் பிதுங்கி வந்தது. அத்துடன் அந்தப் பகுதியை முடிந்ததாகக் கணக்கிட்டோம்.

இயந்திர அறையைத் திறந்தபோது மண்ணெண்ணெய்க் காலம் அப்படியே கண்முன் நின்றது. ஓட்டுநர் அறையைப் பிரிக்கும் தகட்டில் கட்டுக்கம்பியால் கட்டிய சேலைன் குழாய் ஒன்று, தேன்நிறமாகி, தொட்டால் நொறுங்கும் அளவுக்கு இறுகிக் கிடந்தது. அதன் ஒரு நுனி காபரேற்றரின் வாய்வரை வந்திருந்தது. மறுநுனியில் போத்தல் இல்லை. எஸ்.யூ. காபரேற்றரின் பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தபோது அதன் ஊசி கையால் அரத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. ஊசி மெலிந்தால் எரிபொருள் கூடுதலாகச் செல்லும். தீப்பொறி நேரமும் பின்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள புளொக்குக்கும் இடையில், கசிவை அடைக்கும் தகடுகளான காஸ்கெற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தமை ஓரத்திலேயே தெரிந்தது. மண்ணெண்ணெய் எளிதில் தட்டும், அதாவது சிலிண்டருக்குள் ஒழுங்காக எரியாமல் வெடித்துச் சத்தமிடும். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம்; அதைக் குறைத்தால் தட்டல் குறையும். அன்றைய மெக்கானிக் எவராயினும் செய்வதை அறிந்தே செய்திருக்கிறார்.

பிளக் துளைகளில் ஒயில் விட்டு ஒரு வாரம் ஊறவைத்து, இயந்திரத்தைக் கையால் சுழற்றி, இரவல் பற்றரியில் ஸ்ராட்டரை ஓட்டி அமுக்கத்தை அளந்தோம். சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில் 85, 82, 60, 84 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் மிகவும் தாழ்வு. “இது மண்ணெண்ணெய்க்கு அடிச்ச வண்டி, தம்பி. ரெண்டு காஸ்கெற் கிடக்கு. அமுக்கம் குறைவாத்தான் நிற்கும்” என்றார் மெக்கானிக். மூன்றாவதில் வால்வு கசியலாம் என்பதையும் சேர்த்து, அந்த விளக்கத்தை அனைவரும் ஏற்றோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலாவது கேள்வி இயந்திரத்தையே மாற்றுவதா என்பது. மகன் பழைய நிசான் ஏ-12 இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் வாங்கிப் பூட்டலாம் என்றார். இலங்கையில் பல மைனர்கள் அவ்வாறு மாற்றப்பட்டு நன்றாகவே ஓடுகின்றன, பாகங்களும் மலிவு. ஆனால் இந்தப் பிக்கப்பின் டிரம் பிரேக்குகள் 37 குதிரைவலு இயந்திரத்துக்கென அமைந்தவை. வேகம் கூடினால் பிரேக்கையும் மாற்ற வேண்டும், அதன் தொடர்ச்சியாக வேறு பலவற்றையும் மாற்ற வேண்டும். மேலும் பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் வாகனத்தில் இருந்ததும் பொருந்தியிருந்தன. அந்தப் பொருத்தத்தைக் குலைத்துத் திணைக்களத்துக்கு அலைய உரிமையாளர் விரும்பவில்லை. பழைய இயந்திரத்தையே திருத்துவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

இரண்டாவது, எவ்வளவு ஆழமாகப் பிரிப்பது என்பது. ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வுகளை அரைத்து, ஈயம் நீக்கிய பெற்றோலுக்கு ஏற்ற கடின இருக்கைகளை வெளியேற்று வால்வுகளுக்குப் பொருத்தி, ஒரே காஸ்கெற்றுடன் மூடுவது எனத் தீர்மானித்தோம். ஊசிக்குப் பதிலாகச் சரியான அளவுடைய புதியது; தீப்பொறி நேரம் பெற்றோலுக்குரியது. பிஸ்டன்களைத் தொடுவதில்லை. இதற்குக் காரணம் ஆவணித் திகதிதான்; தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஹெட் கழன்ற அன்று மகன் சிலிண்டரின் மேல்விளிம்பில் விரலை ஓட்டி, “நகம் தட்டுது” என்று சொன்னார். பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையமான றிங் எட்டாத இடம் தேயாமல் நிற்க, அதற்குக் கீழே சுவர் தேய்ந்து உருவாகும் படி அது. பழைய இயந்திரம் எல்லாவற்றிலும் அப்படி இருக்கும் என்று நான்தான் பதில் சொன்னேன்.

மூன்றாவது முடிவு வேலைகளின் வரிசை. பிரேக் முழுவதும் புதிதாக்கப்பட்டது; ஒற்றைச் சுற்று பிரேக் என்பதால் குழாய்கள் எதையும் பழையதாக விடவில்லை. ஓட்டுநரின் காலடியில், தகட்டுக்குக் கீழ் ஒளிந்திருக்கும் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றுவதற்கு மட்டும் ஒன்றரை நாள் சென்றது. அதற்கடுத்து வயரிங், பின்னர் தகட்டுவேலை, பெயின்ற். முன்சக்கரக் கூட்டைப் பிரித்துப் பார்ப்பது பட்டியலின் அடியில் இருந்தது.

வயரிங்கில் நடந்த சிறு தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வாகனத்தில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்படும். புதுப் பற்றரியைப் பூட்டிய மின்வேலைக்காரர் இன்றைய வழக்கப்படி எதிர்முனையை உடலில் இணைத்துவிட்டார். டைனமோ பழைய முனைப்பிலேயே இருந்ததால், இயந்திரம் வேகமெடுத்த கணத்தில், டைனமோவைப் பற்றரியுடன் இணைத்தும் துண்டித்தும் விடும் கட்டவுட்டின் தொடுமுனைகள் ஒட்டி எரிந்தன. புதுக் கட்டவுட் ஒன்று வீணானது. அதன்பின் பற்றரிப் பெட்டியின்மேல் சிவப்பு பெயின்றால் கூட்டல் குறியும் ‘உடல்’ என்ற சொல்லும் எழுதப்பட்டன.

முதல் ஓட்டமும் ஐந்து மூடைச் சீமெந்தும்

சித்திரையில் இயந்திரம் எழும்பியது. அமுக்கம் இப்போது 118, 115, 92, 116. எண்கள் ஏறியதைக் கண்டு மகிழ்ந்தோம். மூன்றாவது இன்னும் தாழ்ந்திருந்ததை ‘ஓட ஓட றிங் இருந்துவிடும்’ என்று ஒதுக்கினோம். வளவுக்குள்ளும் ஒழுங்கையிலுமாக இரண்டு கிழமையில் ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் ஓடியது. வைகாசியில் வெளிறிய பச்சைப் பெயின்ற் அடிக்கப்பட்டது.

கிளச் உறையின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் பிளவு ஊசியும் உண்டு. உள்ளே ஒயில் சேர்ந்தால் வடிவதற்கான வழி அது. ஆனி மாதத் தொடக்கத்தில் அந்த ஊசியின் நுனியில் எப்போதும் ஒரு சொட்டு நிற்பதையும், நிறுத்திய இடத்தில் உள்ளங்கையளவு கறை விழுவதையும் கண்டோம். இந்த இயந்திரத்தின் சுழல்தண்டின் பின்முனையில் இறப்பர் சீல் இல்லை. ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும் திருகு வெட்டு மட்டுமே உண்டு. ஆகவே சிறிது கசிவது இயல்பு. அதனால் அதையும் பெரிதாக எண்ணவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. வெறும் வாகனத்தில் கிளச் வழுக்கினால் தெரியாது. மதில் வேலைக்காக ஐந்து மூடைச் சீமெந்து ஏற்றிவந்த அன்றுதான், மூன்றாம் கியரில் இயந்திரம் இரைய வாகனம் பின்தங்கியது. வீட்டுக்கு வந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க ஒயில் மூடியைத் திறந்தபோது, அதன் வாயிலிருந்து புகை விட்டுவிட்டு மூச்சுப்போல வெளியேறியது.

அன்றிரவே பிளக் துளைகளில் ஒரு கரண்டி ஒயில் விட்டு அமுக்கத்தை மறுபடி அளந்தோம். மூன்றாவது சிலிண்டர் 92இலிருந்து 130க்குப் பாய்ந்தது; மற்றவையும் கணிசமாக ஏறின. வால்வு கசிந்தால் ஒயில் விட்டு அமுக்கம் ஏறாது. றிங்கும் சுவரும் தேய்ந்திருந்தால்தான் ஏறும். இந்த ஒரு கரண்டிச் சோதனையைத் தை மாதத்தில் செய்யாமல் விட்டோம்.

காரணத்தைக் கணக்கிட்டபோது

மறுநாள் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 கனசென்ரிமீற்றர். விகிதம் 8.3 எனில் எரியறை 32.5. துளையின் விட்டம் 62.9 மில்லிமீற்றர், மேலதிகக் காஸ்கெற் இறுகியபின் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அது எரியறையில் கூட்டுவது மூன்று கனசென்ரிமீற்றருக்கும் குறைவே. விகிதம் 8.3இலிருந்து சுமார் 7.7க்கு இறங்கும். அதாவது, நலமான இயந்திரத்தில் 150 இறாத்தல் காட்டும் மானி, இரண்டு காஸ்கெற்றுடன் 135க்குக் குறைவாகக் காட்ட நியாயமில்லை. நாங்கள் கண்டது 85உம் 60உம். காஸ்கெற் உண்மையில் ஒரு காரணம். ஆனால் மிகச் சிறிய காரணம். கண்ணுக்குத் தெரிந்த அந்தச் சிறிய காரணம், தெரியாத பெரியதை ஐந்து மாதம் மறைத்து நின்றது.

உரிமையாளரின் பழைய நினைவும் அப்போதுதான் பொருள்பட்டது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிற்படையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலுடன் கலக்கும். அளவுகோலில் மட்டம் கூடும், ஒயில் நீர்த்துப்போகும். அந்த நீர்த்த ஒயிலில்தான் சுவரும் றிங்கும் பெயரிங்குகளும் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. நாங்கள் ஹெட்டை மட்டும் இறுக்கமாக்கி எரியும் அமுக்கத்தை உயர்த்தியபோது, தேய்ந்த றிங்குகளைக் கடந்து வாயு கீழே இறங்கி, அடியறையின் அழுத்தம் ஏறி, திருகு வெட்டால் திருப்ப முடியாத அளவுக்கு ஒயிலைப் பின்பக்கமாகத் தள்ளிக் கிளச்சை நனைத்தது. குறைந்த அமுக்கம், பின்தள்ளிய தீப்பொறி, மெலிந்த ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தத் தேய்ந்த இயந்திரத்தை ஒரு சமநிலையில் வைத்திருந்தன.

இயந்திரத்தை வெளியே எடுப்பதென முடிவாயிற்று. பனங்குற்றிகள் மூன்றை முக்காலியாக நட்டுச் செயின் புளொக்கால் தூக்கினோம். லேத் பட்டறையில் அளந்தபோது, துளைகள் முன்னொருமுறை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெரிதாகக் கடையப்பட்டிருந்தமையும், மூன்றாவது அதற்குமேல் 0.33 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தமையும் தெரியவந்தன. ஆயிரத்தில் 40 அளவான பிஸ்டன் தொகுதி கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. சுழல்தண்டு சாணை பிடிக்கப்பட்டது. பெயரிங்குகளும் கிளச் தட்டும் புதியவை. இம்முறை அமுக்கம் நான்கிலும் 150க்கும் 156க்கும் இடையில் நின்றது. ஒயில் மூடியைத் திறந்தால் புகை இல்லை. பட்டறையில் வரிசை நீண்டதால் இதற்கு ஏழு கிழமை சென்றது.

படலையடியில் நடந்தது

தம்பியாரின் வருகைக்குப் பத்து நாள் இருக்கையில், உரிமையாளர் பிக்கப்பை வெளியே எடுத்தார். படலையைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்புவதற்காக ஸ்ரியறிங்கை முழுவதும் வலப்புறம் வளைத்து, நடைவேகத்தில் நகர்ந்தபோது, இடப்பக்க முன்சக்கரம் ஒரு முறியும் சத்தத்துடன் உட்பக்கமாக மடிந்தது. வாகனம் அந்த மூலையில் நிலத்தில் அமர்ந்தது. எவருக்கும் காயமில்லை. புதிதாகப் பெயின்ற் அடித்த மட்காட் நசுங்கியது.

மைனரின் முன்சக்கரக் கூட்டில், கிங்பின்னின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது மரையிட்ட ஓர் உலோக உறைக்குள் திரும்பும். அந்த மூலையின் பாரம் முழுவதையும் அந்த மரையே சுமக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கட்டளை. அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் உறை கழன்று வரும். முழு வளைவில் மெதுவாகத் திரும்பும்போது இது நடப்பது இவ்வகை வாகனத்தில் பலரும் அறிந்த பழுது. அதே சக்கரம் சுன்னாகம் வீதியில் ஓடும்போது மடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று படலையடியில் எவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

உறையைக் கழுவிப் பார்த்தபோது, உள்ளே கிறீஸ் அறவே இல்லை. மரையின் பள்ளங்களில் செங்கற்பொடிபோன்ற துரு மட்டும் இருந்தது. நிப்பிளின் உள்வழி பழைய கிறீஸ் இறுகி அடைபட்டிருந்தது. முதல் நாள் ஓரத்தால் பிதுங்கியது நாங்கள் அடித்த கிறீஸேதான். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

வலப்பக்கத்தையும் பிரித்தோம். கீழ்க்கையை ஜக்கில் நிறுத்தி, சக்கரத்தின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியபோது, மரையில் மேலும் கீழுமாக ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். லண்டனுக்குத் தொலைபேசியில் சொன்னதும், இரு பக்கத்துக்குமான கிங்பின்களையும் உறைகளையும் தம்பியார் தமது பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்து மரை வலஞ்சுழி, மறுபக்கத்தது இடஞ்சுழி என்பதால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வந்திறங்கியபோது பிக்கப் கல்லடுக்கின்மேல் நின்றது. தேருக்கு அவர் முச்சக்கர வண்டியிலேயே போனார்.

விளைவு

ஐப்பசி நடுவில் வேலை முடிந்தது. அதன்பின் ஓராண்டில் ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பிளவு ஊசியில் சில நாள்களுக்கு ஒரு சொட்டு விழுகிறது. அது இந்த இயந்திரத்தின் இயல்பு. ஒயில் மட்டம் இப்போது மெல்லக் குறைகிறது, கூடுவதில்லை. மட்காட்டின் நசுங்கலைத் தட்டி எடுத்தாயினும், வெயிலில் பார்த்தால் புதுப் பெயின்றின் நிறவேறுபாடு தெரிகிறது.

மறுமுறை என்றால் மாற்றக்கூடியவை

வரிசையைத் தலைகீழாக்குவேன். சக்கரமும் ஸ்ரியறிங்கும் பிரேக்கும் பிரித்துப் பார்த்து முடியும்வரை இயந்திரத்தை எழுப்ப விடமாட்டேன். ஓடத் தொடங்கிய வாகனத்தை ஓட்டாமல் வைத்திருக்க எந்த வீட்டாலும் முடியாது. பெயின்ற் கடைசி வேலையாக இருந்திருந்தால் ஒரு மட்காட் மிஞ்சியிருக்கும்.

அமுக்கத்தை அளக்கும்போது உலர்ந்தும் ஒயில் விட்டும் இரண்டு முறை அளந்து, எதிர்பார்க்கத்தக்க எண் என்ன என்பதைக் கணக்கிட்டு அருகில் எழுதியிருப்பேன். மெக்கானிக்கின் அனுபவத்தைக் குறைகூற இதில் இடமில்லை. காஸ்கெற்றைப் பற்றி அவர் சொன்னது சரியானது. அது எவ்வளவுக்கு விளக்கம் தரும் என்று கேட்டிருக்க வேண்டியது என் வேலை. மகன் நகத்தால் கண்டதையும் உரிமையாளர் அளவுகோலில் கண்டதையும் நான் குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. அந்த இரண்டும் எழுதப்பட்டு ஒரே பக்கத்தில் இருந்திருந்தால், ஹெட்டை மூடுமுன்பே பிஸ்டனை வெளியே எடுத்திருப்போம். ஒரு காஸ்கெற் தொகுதியும், கிளச் தட்டும், இரண்டு மாதமும் மீந்திருக்கும்.

கிறீஸைப் பொறுத்தவரை, நிப்பிளைக் கழற்றி வழி திறந்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்தபின்னரே அடிக்கிறோம். உறையின் மறுபக்கத்தால் புதுக் கிறீஸ் வெளிவந்தால்தான் அடித்ததாகக் கணக்கு. ஆயிரம் மைல் என்பதை ஆயிரம் கிலோமீற்றராகச் சுருக்கி, திகதியையும் ஓட்ட அளவையும் கொட்டில் சுவரில் மகன் கரியால் எழுதி வருகிறார்.

பின்பக்க இடது இலைவில் தாங்கியின் பழைய ஒட்டு இன்னும் வெட்டிப் பார்க்கப்படவில்லை. அந்த வேலை முடியும்வரை மூன்று சீமெந்து மூடைக்குமேல் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.